சென்னைப் பல்கலையில் எம்.ஏ. தமிழ்: படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். அக்கா மகள் செய்யாறில் பி.ஏ. தமிழ் முடித்திருக்கிறாள். சேர்ந்தால் சென்னைப் பல்கலைக்கழகம்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். கல்லூரி நூலகத்தில் அட்டை பிய்ந்து கிடந்த தமிழ் லெக்சிகன் என்ற பெரிய அகராதியைப் புரட்டியபோது, அதை வெளியிட்டது அந்தப் பல்கலை என்று பார்த்தாளாம். அன்றைக்குப் பிடித்த ஆசை. எனக்கோ 1857இல் தொடங்கியது என்பதும், பஸ்ஸில் போகும்போது பார்த்த செனட் ஹவுஸும்தான் தெரியும்.

மெரினா வளாகத்தில் படிக்கும் பெண்களுக்கு விடுதி கிடைக்குமா? மெஸ்ஸோடு சேர்த்து மாதம் எவ்வளவு ஆகும்? சேர்க்கை மதிப்பெண்ணை வைத்தா, நுழைவுத் தேர்வா? மாமா இல்லை, அக்கா கூலி வேலைக்குப் போகிறாள். அதனால் உதவித்தொகை விவரம்தான் முக்கியம். முதல் பட்டதாரி சான்றிதழ் கையில் இருக்கிறது, அது எம்.ஏ.வுக்குச் செல்லுமா?

தொலைதூரக் கல்வியில் போட்டுவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அவளுக்கு வகுப்பில் உட்கார்ந்துதான் படிக்க வேண்டுமாம். அண்மையில் அங்கே படித்தவர்கள் கமெண்ட்டில் சொன்னால் போதும்.