பேக்கார்டைக் கெடுத்தது 120-ஆ, காப்பாற்றியது 120-ஆ?

டெட்ராய்ட்வாசி:
எங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவர் தன்னுடைய 1937 பேக்கார்டு 120 காரை விற்கப்போகிறார். நான்கு கதவு செடான். அவருடைய அப்பா வாங்கியதாம். நடுவில் ஒருமுறை பெயின்ட் அடித்திருக்கிறார்கள், மற்றபடி யாரும் பெரிதாகக் கைவைக்கவில்லை. எனக்கு ஆசையாக இருக்கிறது. ஆனால் பழைய கார் பித்துள்ள நண்பர் ஒருவரிடம் சொன்னபோது, "அந்தக் கம்பெனியைக் குழியில் தள்ளிய வண்டியே அதுதான், அதையா வாங்கப்போகிறாய்?" என்று சிரித்துவிட்டார். அவர் சொல்வது உண்மைதானா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பன்னிரண்டு சிலிண்டர்:
நண்பர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். 1920களின் அமெரிக்காவில் பெரிய மனிதர் வீட்டு வாசலில் நின்றது பேக்கார்டு. ஜெனரல் மோட்டார்ஸின் காடிலாக் அதற்குப் பிறகுதான். 1921இல் ஹார்டிங் பதவியேற்கப் போனது பேக்கார்டு ட்வின் சிக்ஸில். அந்த விழாவுக்குக் காரில் போன முதல் அதிபர் அவர். விளம்பரத்தில்கூடத் தம்பட்டம் கிடையாது. "வைத்திருப்பவரைக் கேளுங்கள்", அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட பெயரை 1935இல் 980 டாலரில் தொடங்கும் ஒரு வண்டியின் மேல் ஒட்டினார்கள். அதே நுகத்தடி வடிவ முகப்பு, சக்கரத்தின் நடுவில் அதே சிவப்பு அறுகோணம். நாலாயிரம் டாலர் கொடுத்துப் பன்னிரண்டு சிலிண்டர் பேக்கார்டான ட்வெல்வ் வாங்கியவர் சிக்னலில் நிற்கிறார். பக்கத்தில் அதே முகத்தோடு ஊர் பல் டாக்டர் வந்து நிற்கிறார். அடுத்த முறை அவர் எதற்குப் பேக்கார்டு வாங்கவேண்டும்? காடிலாக்கின் சாமர்த்தியத்தைப் பாருங்கள். 1927இலேயே விலை குறைந்த வண்டிக்கு லாசால் என்று தனிப்பெயர் வைத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
சிக்னல் கதை கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நாலாயிரம் டாலர்க்காரர் அப்போது எங்கே இருந்தார்? 1929 பங்குச்சந்தைச் சரிவில் பாதிப்பேர் காரை விற்றுவிட்டார்கள். பணம் மிச்சமிருந்தவர்களும் வரிசையில் நிற்கும் ஏழைகளின் கண்ணெதிரே பெரிய வண்டியில் போகக் கூசினார்கள். பேக்கார்டு மாதிரியே பெரிய வண்டி செய்த பியர்லெஸ் கம்பெனி 1931இல் கார் செய்வதை நிறுத்தியது. மதுவிலக்கு முடிந்ததும் அந்தத் தொழிற்சாலையில் பீர் காய்ச்சினார்கள்! அதே ரகத்துக் கம்பெனி பியர்ஸ்-ஆரோ கடைசிவரை மலிவு வண்டியே விடவில்லை. கௌரவம் குறையாமல் 1938இல் திவாலானது.

பேக்கார்டு 1934இல் செய்தது 10,000 வண்டிகூட இல்லை. முதல் ஆண்டிலேயே 120 மட்டும் ஏறக்குறைய 25,000 போனது. 1937இல் கம்பெனியின் மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. நீங்கள் பெயரில் சூட்டிக்கொண்டிருக்கும் ட்வெல்வ், 1932 முதல் 1939 வரை எல்லா ஆண்டுகளையும் கூட்டினாலும் 6,000-ஐத் தொடவில்லை. உங்கள் ட்வெல்வுக்குச் சோறு போட்டதே 120தான் சார்.

பன்னிரண்டு சிலிண்டர்:
மலிவு வண்டிதான் மருந்து என்றால் மார்மன் கார் கம்பெனி ஏன் பிழைக்கவில்லை? 1929இலேயே ஆயிரம் டாலருக்குள் எட்டு சிலிண்டர் வண்டி விட்டார்கள், ரூஸ்வெல்ட் என்று பெயர். 1933இல் கடையைக் கட்டினார்கள்.

சரி, 120 வேண்டியிருந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதோடு நின்றார்களா? 1937இல் ஆறு சிலிண்டர் வண்டி ஒன்றை 800 டாலருக்கும் கீழே இறக்கினார்கள். போருக்குப் பிறகு ஆறு சிலிண்டர் பேக்கார்டு டாக்சியாகவே ஓடியது. தாஜ்மகாலில் டீக்கடை போட்ட மாதிரி.

ஆறு வோல்ட்:
நீங்கள் இருவரும் வண்டியைத் திறந்து பார்த்தே பேசுகிறீர்களா என்று சந்தேகமாக இருக்கிறது. நான் 11 வருடமாக ஒரு 120 வைத்திருக்கிறேன். ஹைட்ராலிக் பிரேக்கும், முன்சக்கரங்கள் தனித்தனியே ஏறி இறங்கும் சஸ்பென்ஷனும் 120க்கு 1935இலேயே வந்துவிட்டன. பெரிய பேக்கார்டுகளுக்கு அவை வந்தது 1937இல். அதாவது அந்தப் பல் டாக்டர் பிரேக் மிதித்தால் வண்டி நின்றது. கோடீஸ்வரர் இரண்டு வருடம் பழைய கம்பி பிரேக்கோடு காத்திருந்தார். மலிவு வண்டி என்று சொல்லுங்கள், மட்டமான வண்டி என்று சொல்லாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் ஆட்களைக் கூட்டிவந்து தனி அசெம்பிளி வரிசை போட்டுச் செய்தார்கள்.

டெட்ராய்ட்வாசி, வாங்குவதற்கு முன் பேட்டரி கேபிளைப் பாருங்கள். அது 6 வோல்ட் வண்டி. அதே வேலைக்கு 12 வோல்ட்டைவிட இரண்டு மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் கேபிள் கட்டைவிரல் தடிமன் இருக்கவேண்டும். யாராவது இக்காலத்துக் கேபிளைப் போட்டிருந்தால் ஸ்டார்ட்டர் முனகும். உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்வார்கள். என்னிடமும் ஒரு மெக்கானிக் அப்படிச் சொல்லிப் பெரிய தொகை கேட்டார். சில டாலரில் கேபிள் மாற்றினேன், முடிந்தது.

காடிலாக் கட்சி:
எல்லோரும் 1935ஐயே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். பேக்கார்டு செத்தது 1950களில். 120 விட்டு இருபது ஆண்டு கழித்துச் சாகிற விஷம் என்ன விஷம்?

எதிர்ப்பக்கம் என்ன நடந்தது என்று பாருங்கள். காடிலாக்கில் 1941 மாடலுக்கே கிளட்ச் மிதி இல்லாத ஹைட்ரா-மேட்டிக் தானியங்கி கியர் கிடைத்தது, 1948இல் வால் துடுப்பு, 1949இல் புதிய வி8 எஞ்சின். அதே 1948இல் பேக்கார்டு பழைய உடம்பின் மேலேயே தகட்டைச் சுற்றி உப்பவைத்தது. மக்கள் அதற்கு "கர்ப்பிணி யானை" என்று பேர் வைத்தார்கள். பேக்கார்டுக்கு வி8 வந்தது 1955 மாடலில்! நடுவில் அவர்களுக்குப் பாடி செய்துகொடுத்த பிரிக்ஸ் கம்பெனி போட்டிக் கம்பெனியான கிரைஸ்லர் கைக்குப் போய்விட்டது. இடம் போதாத கானர் அவென்யூ ஆலைக்கு அவசரமாக மாறினார்கள், தரம் சந்தி சிரித்தது. 1954இல் ஸ்டூடிபேக்கர் கார் கம்பெனியைக் கணக்கை ஒழுங்காகப் பார்க்காமல் கட்டிக்கொண்டார்கள். 1956 நடுவில் டெட்ராய்ட்டில் உற்பத்தி நின்றது. அடுத்த இரண்டு வருடம் வந்தவை பேக்கார்டு பெயர் போட்ட ஸ்டூடிபேக்கர்கள், அவற்றைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

லாசாலைப் புகழ்கிறவர் ஒன்றை மறந்துவிட்டார். 1940க்குப் பிறகு லாசாலே கிடையாது. அந்த விலைக்கு வந்த வண்டியின் மேல் காடிலாக் பெயர்தான் இருந்தது.

கணக்குப்பிள்ளை:
அதோடு இதையும் சேருங்கள்: 1930களின் நடுவில் காடிலாக்கின் பதினாறு சிலிண்டர் வி16 ஆண்டுக்கு ஐம்பது சொச்சம்தான் விற்றது. அதே ஜெனரல் மோட்டார்ஸின் ஷெவர்லேயும் பியூக்கும் சம்பாதித்துக் கொடுத்ததால் அந்த ஜம்பம் நிலைத்தது. பேக்கார்டுக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை.

பன்னிரண்டு சிலிண்டர்:
கானர் அவென்யூவை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1956இல் கம்பெனித் தலைவர் நான்ஸ் என்ன செய்தார்? விலை குறைந்த வண்டிகளைப் பேக்கார்டு பெயரிலிருந்து பிரித்து, கிளிப்பர் என்று தனி பிராண்டாக்கினார். நான் சொன்னதை அந்தக் கம்பெனியே இருபது ஆண்டு தாமதமாகச் சொன்னது.

டெட்ராய்ட்வாசி, சேகரிப்புக்கு என்றால் இன்னொன்று. அமெரிக்கக் கிளாசிக் கார் கிளப்பின் "முழு கிளாசிக்" பட்டியலில் பெரிய பேக்கார்டுகள் உண்டு, உங்கள் 120 இல்லை. பணத்தைப் போட்டு எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். 2018இல் நடிகர் கேரி கூப்பரின் டூசன்பெர்க் எஸ்எஸ்ஜே கார் 2.2 கோடி டாலருக்குப் போனது. அந்த உலகத்தின் கதவு 120க்குத் திறக்காது.

ஆறு வோல்ட்:
திறக்காததால்தான் நம்மைப் போன்றவர்களுக்கு அது கிடைக்கிறது. எஸ்எஸ்ஜே செய்ததே இரண்டு. உதிரிபாகம் தேடி யாரிடம் போவீர்கள்? 120 ஆயிரக்கணக்கில் வந்த வண்டி. அக்டோபரில் ஹெர்ஷி ஊரில் கூடும் பழைய கார்ச் சந்தைக்குப் போனால் ஏதாவது கிடைக்கும். கைப்பிடி, முகப்பு அலங்காரம் மட்டும் கவனம்: அக்காலத்து வார்ப்பு உலோகம், வெடித்துப் பொரிந்துவிடும். குரோம் போட்டு மறைத்திருப்பார்கள், நகத்தால் தட்டிப் பாருங்கள். வாங்கினால் பளபளவென்று ஆக்குகிறேன் என்று பழைய பெயின்ட்டை உரித்துவிடாதீர்கள்.

டெட்ராய்ட்வாசி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று போய்ப் பார்த்தேன். கேபிள் பென்சில் தடிமன்தான் இருக்கிறது. பெரியவர், "ரொம்ப நாளாக ஸ்டார்ட்டர் சோம்பல்" என்று சொல்லி விலையைத் தானே குறைத்தார். நான் காரணத்தைச் சொல்லிவிட்டேன், மனசு கேட்கவில்லை. சிரித்துவிட்டு, குறைத்த விலைக்கே எடுத்துக்கொள் என்றார். திரும்பும் வழியில் கிராண்ட் பூலவார்டு பக்கம் போனேன். 1903இல் தொடங்கிய பேக்கார்டு ஆலை அங்கேதான். 2022இல் இடிக்க ஆரம்பித்தார்கள். பாதி இடம் வெறும் புல். சனிக்கிழமை டிரெய்லர் வருகிறது.

பன்னிரண்டு சிலிண்டர்:
வாழ்த்துகள், மனதார. முகப்பில் பறவை இருக்கிறதா? கூழைக்கடாவா நீர்க்காகமா என்று கம்பெனியே மாற்றி மாற்றிச் சொன்ன பறவை. அதற்கு ஒரு தனி இழை ஓட்டலாம்.

டெட்ராய்ட்வாசி:
பறவை இல்லை. பேரன் உடைத்துவிட்டானாம்.