அம்மாவின் தீபாவளி பார்சல்: யாருக்காவது வழி தெரியுமா?

அமெரிக்காவில், நியூ ஜெர்சியின் எடிசன் பக்கம் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு கேள்வி. வருடா வருடம் தீபாவளிக்கு அம்மா மதுரையிலிருந்து ஒரு பார்சல் அனுப்புவார், பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், பேத்திக்கு ஒரு பட்டுப் பாவாடை, எல்லாம் அட்டைப்பெட்டியில் வைத்து மேலே வெள்ளைத் துணி போட்டு அவரே ஊசியால் தைத்து விடுவார். இந்த 2025-ஆம் வருடம் தபால் நிலையத்தில் வாங்கவே இல்லை. 800 டாலருக்கு உட்பட்ட பார்சலுக்கு இருந்த வரி விலக்கை டிரம்ப் ஆகஸ்ட் 29 முதல் எடுத்துவிட்டார் அல்லவா, அதனால் வந்த வினை. 100 டாலருக்கு உட்பட்ட அன்பளிப்பு போகும் என்றார்கள், அப்புறம் இந்தியத் தபால் துறை அதையும் நிறுத்திவிட்டது.

அதே ஆகஸ்டில் இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி ஆக்கினார், அதில் பாதி ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்கியதற்காம். அம்மா வாங்கியது நல்லெண்ணெய்தான், அதுவும் பொடிக்குத் தொட்டுக்கொள்ள!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தனியார் கூரியரில் கேட்டால் அன்பளிப்பு என்று எழுதினாலும் இங்கே வரி கேட்கலாம் என்கிறார்கள். செப்டம்பரில் யாருக்காவது வீட்டுப் பார்சல் வந்து சேர்ந்ததா? ரசீதில் என்ன மதிப்பு போட்டீர்கள், வாசலில் பணம் கேட்டார்களா? ஊறுகாயைத் தனியாக அனுப்புவது நல்லதா? அக்டோபர் முதல் வாரம் ஊரிலிருந்து யாராவது வருவதாக இருந்தாலும் சொல்லுங்கள், பாவாடை மட்டுமாவது வந்தால் போதும், கால் கிலோகூட இருக்காது.