இரண்டாம் பாதி மாத்திரைகளை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் எடுக்கலாமா?

கணக்கு டீச்சர் எழுதியது:

வணக்கம் தோழிகளே. எனக்கு 49 வயது. மாதவிடாய் நின்று ஏழு மாதம் ஆகியிருந்தபோது டாக்டரிடம் போனேன். ராத்திரி இரண்டரை மணிக்கு மார்பில் தொடங்கி முகம் வரைக்கும் சூடு ஏறும். ஐந்து நிமிஷத்தில் நைட்டியைப் பிழியலாம் போல நனைந்துவிடும். மாற்றிக்கொண்டு படுத்தால் குளிரும். அப்புறம் விடியும் வரை தூக்கம் கிடையாது. ஒருநாள் வகுப்பில் ‘கர்ணம்’ என்ற சொல் வாயில் வராமல் கரும்பலகை முன்னால் நின்றுவிட்டேன். 23 வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் சொல் அது. அன்றைக்குத்தான் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அவர் 28 மாத்திரைகள் கொண்ட அட்டையை எழுதிக்கொடுத்தார். முதல் 14 ஒரு நிறம், அதில் ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் 1 மில்லிகிராம் மட்டும். அடுத்த 14 வேறு நிறம், அதில் அதே ஈஸ்ட்ரடையாலோடு டைட்ரோஜெஸ்டிரோன் என்ற இரண்டாவது ஹார்மோன் 10 மில்லிகிராம். மூன்றாவது வாரத்தில் ஒருநாள் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். அதற்கு முன் எப்போது அப்படி எழுந்தேன் என்று நினைத்துப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

சிக்கல் இரண்டாம் பாதியில்தான். மார்பு கனத்து வலிக்கிறது, வயிறு உப்புகிறது, காரணமே இல்லாமல் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். அட்டை முடிகிற சமயத்தில் ஐந்து நாள் ரத்தப்போக்கு. நின்றுபோனது என்று நினைத்தது திரும்ப வந்ததும் பயந்துவிட்டேன். இணையத்தில் தேடினால், இந்த இரண்டாவது ஹார்மோன் சேரும்போதுதான் மார்பகப் புற்றுநோய் அதிகமாகிறது என்று போட்டிருக்கிறது. என் அண்ணி நாலு வருஷமாக ஈஸ்ட்ரோஜன் மட்டும்தான் எடுக்கிறார். அவருக்கு இரண்டாவது மருந்தே கொடுக்கவில்லை, நன்றாகத்தான் இருக்கிறார்.

அதனால் இது மூன்றாவது அட்டை, 15ஆம் நாளிலிருந்து இரண்டாம் நிறத்தைத் தொடாமல், புது அட்டையைப் பிரித்து முதல் நிறத்தையே போடுகிறேன். நேற்றோடு மூன்று நாள். இப்படியே தொடரலாமா? அடுத்த முறை டாக்டரைப் பார்க்க இரண்டு மாதம் இருக்கிறது. நானாக மாற்றிவிட்டேன் என்று சொல்லக் கூச்சமாகவும் இருக்கிறது.

மழைக்காலம் எழுதியது:

டீச்சர், உங்கள் அண்ணிக்குக் கர்ப்பப்பை எடுத்தாகிவிட்டதா? அதை முதலில் கேட்டுச் சொல்லுங்கள்.

கணக்கு டீச்சர் எழுதியது:

ஆமாம், 44 வயதில் ஃபைப்ராய்டு கட்டிகளுக்காக எடுத்தார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

மழைக்காலம் எழுதியது:

எல்லாம் அதில்தான் இருக்கிறது. கர்ப்பப்பை இல்லாதவருக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். கர்ப்பப்பை இருக்கிற நமக்கு அப்படி எடுத்தால் ஆபத்து. தயவுசெய்து இன்றைக்கே நிறுத்துங்கள். உங்களை மிரட்டுவதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் இப்போது செய்வதை அப்படியே நான் 51 வயதில் செய்தேன். நீங்கள் மூன்று நாள் செய்திருக்கிறீர்கள், நான் ஒன்பது மாதம் செய்தேன்.

எனக்கும் அதே மார்பு வலி, அதே உப்புசம். அந்தப் பதினான்கு நாளும் வேறு ஆளாகிவிடுவேன். அதனால் இரண்டாம் நிற மாத்திரைகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. முதல் சில மாதம் சொர்க்கம். ரத்தப்போக்கு இல்லை, மார்பு வலி இல்லை, தூக்கம் அருமை. இதை ஏன் டாக்டர் முன்பே சொல்லவில்லை என்றுகூட நினைத்தேன். அப்புறம் கணக்கு வழக்கில்லாமல் ரத்தம் வர ஆரம்பித்தது. இரண்டு நாள் சொட்டும், பத்து நாள் ஒன்றும் இருக்காது, திடீரென்று ஒருநாள் கொட்டும்.

ஸ்கேனில் கர்ப்பப்பையின் உள்சவ்வு 15 மில்லிமீட்டர் தடித்திருந்தது. உள்ளே குழாய் விட்டுப் பார்த்து, துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார்கள். முடிவு வர 11 நாள். அந்த 11 நாளில் என் பெண்ணின் முகத்தை நேராகப் பார்த்துப் பேச என்னால் முடியவில்லை. நல்லவேளை, சவ்வு அளவுக்கு மீறி வளர்ந்திருந்ததே தவிர செல்கள் மாறவில்லை. இரண்டாவது ஹார்மோனின் ஒரு வகையான லெவோநார்ஜெஸ்ட்ரலைச் சுரக்கும் சின்னக் கருவியை, காயில் என்பார்கள், கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த பயாப்சியில் எல்லாம் சரியாகிவிட்டது.

டாக்டர் படம் போட்டு விளக்கியது இதுதான். ஈஸ்ட்ரோஜன் அந்தச் சவ்வை வளர்த்துக்கொண்டே போகும். இரண்டாவது ஹார்மோன் வந்து வளர்ச்சியைப் பிடித்து நிறுத்தும், சவ்வைப் பக்குவப்படுத்தும். அது உடம்பிலிருந்து இறங்கும்போது சவ்வு உதிரும். உங்களுக்கு வந்த ஐந்து நாள் ரத்தம் அந்த உதிர்வுதான். அட்டை முடியும் நேரத்தில் ஒழுங்காக வருகிறது என்றால் மருந்து தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். அந்த ரத்தத்தைப் பார்த்து நீங்கள் பயந்தீர்கள். நானோ ரத்தம் வராததைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். பயப்பட வேண்டியது நான்தான்.

கூச்சத்தை விட்டுவிட்டு நாளைக் காலையே போன் செய்யுங்கள். நான் சொன்னபோது டாக்டர் திட்டவில்லை. “மார்பு வலி தாங்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருந்தையே மாற்றியிருப்பேனே” என்றுதான் சொன்னார். இப்போது எனக்கு 57 வயது. அந்த வார்த்தையை ஒன்பது மாதம் வாய்க்குள் வைத்திருந்தது இன்னும் உறுத்துகிறது.

மருந்தாளுநர் எழுதியது:

மழைக்காலம் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். கேட்டவர் கணக்கு டீச்சர் என்பதால் மீதியை எண்களாகச் சொல்கிறேன்.

கர்ப்பப்பை உள்ள பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தால் அதன் உள்சவ்வில் புற்றுநோய் கூடுகிறது என்பது 1975இலேயே வெளிவந்துவிட்டது. இரண்டு ஹார்மோனும் சேர்ந்த சேர்க்கை மாத்திரை வழக்கமானதே அதனால்தான். பிறகு அமெரிக்காவில் மூன்று வருஷம் நடந்த பெப்பி ஆய்வில், ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்த பெண்களில் 62 சதவீதம் பேருக்குச் சவ்வு மிகையாக வளர்ந்திருந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது ஏறக்குறைய 2 சதவீதம்தான். இரண்டாவது ஹார்மோனும் சேர்த்து எடுத்தவர்கள் கிட்டத்தட்ட வெற்று மாத்திரைக்காரர்கள் போலவே இருந்தார்கள்.

மார்பகப் புற்றுநோய் பற்றி நீங்கள் படித்தது பொய்யில்லை. அளவு தெரியாமல் படித்ததால்தான் பூதமாகத் தெரிகிறது. பிரிட்டனில் டாக்டர்கள் காட்டும் கணக்கு இது: 50 முதல் 59 வயதுள்ள 1000 பெண்களை ஐந்து வருஷம் கவனித்தால், எந்த ஹார்மோனும் எடுக்காமலே சுமார் 23 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வருகிறது. சேர்க்கை ஹார்மோன் எடுக்கும் 1000 பேரில் அது 27 ஆகிறது. அதாவது கூடுதலாக 4 பேர். உடல் பருமனால் கூடுவது 24 பேர். எத்தனை வருஷம் எடுக்கிறோமோ அதற்கேற்ப இந்த 4 ஏறும். அதனால்தான் வருஷத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து பேசி, தொடரலாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

எல்லோரும் பயப்படுவது 2002 ஜூலையில் பாதியில் நிறுத்திய அமெரிக்க ஆய்வைப் பார்த்து. 16,608 பெண்கள், சராசரி வயது 63. வருஷத்துக்கு 10,000 பேரில் 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதல். பக்கவாதமும் 8 பேருக்குக் கூடுதல். இடுப்பு எலும்பு முறிவு 5 பேருக்குக் குறைவு. அவர்கள் எடுத்தது குதிரையின் சிறுநீரிலிருந்து பிரித்த ஈஸ்ட்ரோஜனும், இரண்டாவது ஹார்மோனாக மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனும். உங்கள் அட்டையில் இருப்பவை வேறு, உங்கள் வயதும் வேறு. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருஷத்துக்குள் தொடங்குபவர்களுக்குப் பொதுவாக நன்மையின் பக்கம்தான் தராசு சாயும்.

உங்கள் தொல்லைக்கு வழி இருக்கிறது. இரண்டாவது ஹார்மோனில் பல வகை உண்டு. ஒன்று ஒத்துவராதவருக்கு இன்னொன்று ஒத்துப்போகும். இரவில் போடும் இயற்கை வகைப் புரோஜெஸ்டிரோன் தூக்கத்தையும் கொடுக்கும். காயில் வைத்தால் மருந்து பெரும்பாலும் கர்ப்பப்பையிலேயே வேலை செய்யும். ஆனால் எதையும் நீங்களாக மாற்றாதீர்கள்.

இன்றிலிருந்து இரண்டாம் நிறத்தைத் தினம் ஒன்றாக எடுங்கள். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இரண்டு சேர்த்துப் போட வேண்டாம். மூன்று நாள் தவறியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். வாய்வழி ஈஸ்ட்ரோஜன் முதலில் கல்லீரல் வழியாகப் போவதால் ரத்தம் உறையும் தன்மையைக் கொஞ்சம் கூட்டும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென்று மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காதீர்கள், உடனே மருத்துவமனைக்குப் போங்கள். முன்பு ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு மாத்திரைக்குப் பதிலாகத் தோலில் ஒட்டும் பட்டையைத்தான் யோசிப்பார்கள். அடுத்தது, இந்த அட்டை கருத்தடை மாத்திரை இல்லை. 50 வயதுக்குள் மாதவிடாய் நின்றால் இரண்டு வருஷம் வரை கருத்தடை தேவை. உங்களுக்கு நின்று ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

தென்றல் எழுதியது:

என்னால் இந்த மாத்திரையை எடுக்க முடியாது. 46இல் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்தது, அது திரும்ப வராமலிருக்க இப்போது டமாக்ஸிஃபென் மாத்திரை எடுக்கிறேன். உடம்பு கொதிப்பதற்கு ஹார்மோன் இல்லாத வென்லாஃபாக்ஸின் கொடுத்திருக்கிறார்கள். முழுதாகப் போகவில்லை, பாதியாகக் குறைந்திருக்கிறது. பராக்ஸெடின் என்ற மாத்திரையும் இதற்கு உண்டு, ஆனால் அது டமாக்ஸிஃபெனின் வேலையைக் குறைத்துவிடும் என்று எனக்குத் தரவில்லை. என் போல இருப்பவர்கள் இதைப் படித்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். டீச்சர், மேமோகிராம், அதாவது மார்பக எக்ஸ்ரே, எடுத்தீர்களா?

கணக்கு டீச்சர் எழுதியது:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். அன்றைக்கு ராத்திரியே இரண்டாம் நிறத்தை எடுத்தேன். மறுநாள் இடைவேளையில் டாக்டருக்குப் போன் செய்தேன். மூன்று நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை, 14ஐயும் முழுதாக முடியுங்கள் என்றார். இன்று எட்டாவது. மார்பு வலி இருக்கிறது, ஆனால் பயம் இல்லாததால் தாங்க முடிகிறது. அடுத்த அட்டைக்குள் குறையாவிட்டால் மருந்தை மாற்றுகிறாராம். தென்றல், மேமோகிராம் வியாழக்கிழமை. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் நாள் குறித்தேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மழைக்காலம் அக்கா, மாதாமாதம் இந்த ரத்தப்போக்கு எத்தனை காலத்துக்கு வரும்?

மழைக்காலம் எழுதியது:

நல்ல காரியம் செய்தீர்கள். என் தோழிக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இதே அட்டை போனது, அப்புறம் 28ம் ஒரே நிறமாக இருக்கும் தொடர் மாத்திரைக்கு மாற்றினார்கள். தினமும் இரண்டு ஹார்மோனும் உள்ளே போகும், சவ்வு மெலிந்தே இருக்கும், மாதாந்திர உதிர்வு இருக்காது. மாற்றிய முதல் மூன்று, நாலு மாதம் அவளுக்குச் சொட்டுச் சொட்டாக வந்தது, பிறகு நின்றுவிட்டது. அப்படி மாற்றி ஆறு மாதம் கடந்தும் வந்தாலோ, நின்றபின் புதிதாக வந்தாலோ ஸ்கேன் பார்க்க வேண்டும். வியாழக்கிழமை முடிந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள் டீச்சர், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.