பின் டிஃபரன்ஷியல் சத்தம்: திருகோணமலையில் நல்ல மெக்கானிக் யார்?

வணக்கம் உறவுகளே. எங்கள் பழைய ஹைலக்ஸ் ஃபோர்வீல், கந்தளாய் வீதியில் வேகம் 50ஐத் தாண்டினால் பின்பக்கம் ஊளையிடுகிறது. அக்சிலரேட்டரை விட்டால் அடங்குகிறது. கியர் போட்டு எடுக்கும்போது 'டங்' என்று ஓர் அடி. யூ-ஜொயின்ட்டில் (எஞ்சின் பக்கமிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுவரும் தண்டின் மூட்டு) ஆட்டம் இல்லை. டிஃபரன்ஷியல் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) ஒயிலை வடித்தால் வழமையான சாம்பல் பசையோடு சின்னச் சின்ன இரும்புத் துண்டுகளும் வருகின்றன. பல் உடைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

கராஜில் பினியனை (அதற்குள் இருக்கும் சிறிய பற்சக்கரம்) மட்டும் மாற்றலாம் என்கிறார்கள். எனக்கு மனமில்லை. கிரவுன் வீலும் (பினியன் சுழற்றும் பெரிய பற்சக்கரம்) பினியனும் சோடியாகவே மாற்ற வேண்டியவை, இல்லாவிட்டால் மறுபடி ஊளைதான். டயல் கேஜ் (அளவுமானி) வைத்து பேக்லாஷ், அதாவது பற்களுக்கிடையே உள்ள இடைவெளி பார்த்து, பல்லில் மை பூசித் தொடுகையும் பார்த்துப் பூட்டுகிறவர் கிண்ணியாப் பக்கமாவது இருக்கிறாரா? அப்புறம், ரீகண்டிஷன் டிஃபரன்ஷியல் எடுப்பதென்றால் பல் விகிதம் முன் அச்சோடு ஒத்துப்போக வேண்டும். அப்படி ஒன்று எங்கே கிடைக்கும்? விதைப்பு நெருங்குகிறது, மூதூர் வயலுக்கு இந்த வாகனம்தான். தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.