விபத்துத் தரவுக்குக் காவல்துறைப் பதிவு மட்டும் போதுமா?

கேள்வி: சாலை விபத்துகளுக்கு நாடு முழுக்க ஒரே தரவுத்தளம் அமைக்கும் வேலையில் இருக்கிறேன். காவல்துறைப் பதிவை மட்டும் நம்பலாமா?

பதில்: போதாது. சைக்கிளில் போய்த் தானாக விழுந்தவர்கள் காவல் நிலையம் வரை வருவதே அரிது, ஆனால் மருத்துவமனைப் பதிவில் இருப்பார்கள், அதனால் இரண்டையும் வயது, பாலினம், தேதி, இடம் வைத்துப் பொருத்திப் பாருங்கள், விடுபட்டவர்கள் அப்போதுதான் தெரிவார்கள்.

இன்னொருவர்: அப்புறம், மரணத்துக்கு வரையறை வேண்டும். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் சாலை மரணம் என்பதே உலக அளவில் பரவலான வழக்கம். சம்பவ இடத்தில் இறந்தவர்களை மட்டும் எண்ணினால் மருத்துவமனையில் போன உயிர்கள் கணக்கிலேயே வராது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

கேட்டவர்: சரி, இடத்தை எப்படிக் குறிப்பது?

பதில்: ஜிபிஎஸ்தான். "பாலத்துக்கு அருகில்" என்று எழுதிவைத்தால் எந்த வளைவைத் திருத்துவது என்று பொறியாளருக்கு எப்படித் தெரியும்?