308-ஆ, 7எம்எம்-08-ஆ? அமெரிக்காவில் முதல் மான் வேட்டைக்குக் கிளம்பும் தில்லித் தமிழர்களுக்கு

ஆர்.கே. புரத்தில் வளர்ந்து, இப்போது பென்சில்வேனியா மாநிலத்தில் பிட்ஸ்பர்க் பக்கம் வேலைக்குப் போயிருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ஆபீஸில் கூட வேலை செய்பவர் நவம்பர் கடைசியில் மான் வேட்டைக்கு வா என்கிறார். எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு ரைஃபிள் வாங்கலாம் என்று யோசனை. கடைக்காரர் 308 வாங்கு என்கிறார், நண்பர் 7எம்எம்-08 என்கிறார். இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் வைத்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. எதை எடுக்கட்டும்?"

நான் பென்சில்வேனியாவில் பல வருஷம் இருந்துவிட்டு இப்போது மயூர் விஹார்வாசி. இங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை, மான் பார்க்க வேண்டுமென்றால் ஹௌஸ் காஸ் டீர் பார்க்தான். அதனால் இந்த மாதிரிக் கேள்வி வந்தால் நான் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமான பதில்: 308 வாங்குங்கள். அதற்கான காரணம் தோட்டாவின் பலத்தில் இல்லை, கடை அலமாரியில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் விசாவைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அங்கே மத்திய அரசுச் சட்டம். வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதே குற்றம். வார இறுதியில் ரேஞ்சுக்குப் போய் நண்பரின் துப்பாக்கியால் நாலு ரவுண்டு சுட்டுவிட்டு, போட்டோவை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடும் பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. தண்டனை 15 வருஷம் வரை போகலாம், நாட்டை விட்டு அனுப்புவதற்கும் அது போதுமான காரணம். இந்தத் தடைக்குச் சில விலக்குகள் உண்டு. நமக்குப் பயன்படுவது ஒன்றுதான்: ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ். கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை கிடையாது.

ஆகவே வரிசை இப்படி: முதலில் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு, பிறகு லைசென்ஸ், அதன் பிறகுதான் துப்பாக்கிக் கடை. கடையில் 4473 என்ற படிவம் நிரப்பச் சொல்வார்கள். அதில் விசாவைப் பற்றிய கேள்வி இருக்கும். வேட்டை லைசென்ஸ், ஐ-94 (அமெரிக்காவுக்குள் வந்த பதிவு) எண், வீட்டு முகவரிக்கான ஆதாரம் எல்லாம் கையோடு கொண்டுபோங்கள். பென்சில்வேனியா லைசென்ஸ் ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரைதான் செல்லும். சீசன் டிசம்பரோடு முடிந்துவிட்டதே என்று புதுப்பிக்காமல் விட்டால், ஜூலை முதல் தேதியிலிருந்து அலமாரியில் சும்மா கிடக்கும் ரைஃபிளே உங்களைச் சட்டத்தில் மாட்டிவிடும். கிரீன் கார்டு விண்ணப்பம் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் இமிக்ரேஷன் வக்கீலிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சரி, தோட்டாவுக்கு வருவோம்.

308 வின்செஸ்டர் 1952-இல் கடைக்கு வந்தது. அதே உறையின் (மருந்து அடைத்த பித்தளைக் கூடு) கழுத்தை மட்டும் நெருக்கி, சின்னக் குண்டு (குழலிலிருந்து பறந்து போகும் முனை) ஒன்றைப் பொருத்தி, 1980-இல் ரெமிங்டன் கம்பெனி 7எம்எம்-08 என்று இறக்கியது. உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாததில் ஆச்சரியமே இல்லை, இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றின் குண்டு 0.308 அங்குலக் குறுக்களவு, மற்றதன் குண்டு 0.284. மானுக்குப் பொதுவாக எடுப்பது 308-இல் 150 கிரெய்ன் எடையுள்ள குண்டு, 7எம்எம்-08-இல் 140 கிரெய்ன். கிரெய்ன் கணக்கு பிடிபடவில்லை என்றால் சவரன் கணக்கில் யோசியுங்கள்: 140 கிரெய்ன் ஒன்பது கிராம் சொச்சம், ஒரு சவரனை விட ஒரு கிராம் கூட. 150 கிரெய்ன் அதைவிட முக்கால் கிராமுக்கும் குறைவாகவே அதிகம். இரண்டும் குழலை விட்டுக் கிளம்பும் வேகம் வினாடிக்குச் சுமார் 2,800 அடி.

100 கஜத்தில் குறிக்கு இரண்டு அங்குலம் மேலே படுமாறு ஸ்கோப்பைச் சரிசெய்தால், இரண்டுமே 200 கஜத்தில் ஏறக்குறைய குறியிலேயே விழும். 300 கஜத்தில் இரண்டுக்கும் இடையே ஓர் அங்குலம் போல வித்தியாசம் வரும். பென்சில்வேனியாக் காட்டில் 300 கஜம் கண்ணுக்குத் தெரிந்தால்தானே! மரம், புதர், மேடு, மறுபடியும் மரம். பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் சுட வாய்ப்பு கிடைக்கும். மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சறையில் நுரையீரலும் இதயமும் சேர்ந்த இடம் ஒரு சாப்பாட்டுத் தட்டை விடச் சிறிது, எட்டு அங்குலம் இருக்கும். அங்கே பட்டால் எந்தத் தோட்டா என்று மான் கேட்கப் போவதில்லை.

7எம்எம்-08 பிரியர்கள் சொல்லும் ஒரு வாதத்தில் நிஜமாகவே சத்து இருக்கிறது. குண்டு ஒல்லியாகவும் எடைக்கு நீளமாகவும் இருப்பதால், ஒரே ரகக் குண்டாக இருந்தால் அந்த 140 கிரெய்ன், 308-இன் 165 கிரெய்ன் அளவுக்கு உள்ளே இறங்கும். அதைத் தோளில் உதை குறைவாக வாங்கிக்கொண்டே செய்கிறது. நான் வைத்திருந்ததும் 7எம்எம்-08தான். இன்றைக்குத் திரும்பப் போனாலும் அதையே வாங்குவேன்.

பிறகு ஏன் உங்களுக்கு 308 என்கிறேன்? ரைஃபிளை ஒரு தடவை வாங்குகிறோம், தோட்டாவை வருஷா வருஷம் வாங்குகிறோம். சின்ன ஊர்க் கடையில் கூட 308 நாலைந்து ரகத்தில் இருக்கும். 7எம்எம்-08 ஒரே ரகம், சில சமயம் காலி அலமாரி. 2020-இல் தட்டுப்பாடு வந்தபோது நான் ஒரே ரகத்தைத் தேடி ஊர் ஊராகக் கார் ஓட்டினேன். 308-க்கு ராணுவச் சகோதரன் உண்டு, 7.62×51. நம் ராணுவத்தின் பழைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கிக்கும் அதுதான், அப்பா ஃபௌஜில் இருந்தவர்களிடம் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். (போலீஸ்காரர் தோளில் பார்த்த 303 வேறு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.) அந்த உறவால் 308-இல் பயிற்சிக்கான மலிவான தோட்டா நிறையக் கிடைக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்பவருக்கு அதுதான் முக்கியம், ஏனென்றால் நாலு பெட்டி சுட்டுப் பழகாமல் காட்டுக்குப் போகக் கூடாது. ஆனால் அந்த மலிவுத் தோட்டா பயிற்சிக்கு மட்டும். முழுக்கச் செம்பு போர்த்திய ராணுவ ரகக் குண்டு விரியாமல் ஊடுருவிப் போய்விடும், மான் அடிபட்டு ஓடி எங்கோ கிடந்து சாகும். பெரிய மிருகங்களுக்கு விரியும் குண்டுதான் என்பது பென்சில்வேனியா விதியும்கூட.

உதையைப் பற்றி இன்னும் கொஞ்சம். துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் ஏர் ரைஃபிள் பழகியதாகத் தம்பி எழுதியிருக்கிறார். மூச்சை அடக்குவது, டிரிகரை மெதுவாக அழுத்துவது எல்லாம் அப்படியே கைகொடுக்கும். ஏர் ரைஃபிள் சொல்லித்தராதது உதையும் சத்தமும். அடி விழப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டால், சுடுவதற்குக் கண நேரம் முன்பே கண் மூடும், தோள் முன்னால் பாயும். நமக்கே தெரியாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. நண்பரை விட்டு, நீங்கள் பார்க்காதபடி, சில தடவை நிஜத் தோட்டா, சில தடவை மருந்தில்லாத டம்மித் தோட்டா போடச் சொல்லுங்கள். டம்மி வந்த முறை 'டிக்' என்று மட்டும் கேட்கும். அப்போது குழல் முனை ஒரு சாண் கீழே குனிந்தால் விஷயம் அம்பலம். காதுக்கு அடைப்பானும் அதன் மேல் மஃப்பும் போட்டுக்கொண்டால் இந்தப் பயம் பாதி குறையும். இவ்வளவு செய்தும் குனிந்துகொண்டே இருந்தால் நான் சொன்னதை மறந்துவிட்டு 7எம்எம்-08 வாங்குங்கள். ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும், எடை குறைந்த ரைஃபிள் தேடும் பெண்களுக்கும் அதையே முதலில் சொல்வேன்.

எதை வாங்கினாலும், நண்பரின் ரைஃபிள் ஒரு ரகம், உங்களது மற்றது என்றால் இரண்டின் தோட்டாக்களையும் ஒரே மேஜையில் கலந்து வைக்காதீர்கள். தோட்டாவின் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் சின்ன வட்டம், அதைச் சுற்றிக் கம்பெனி பெயரும் ரகமும் பொறித்திருக்கும். குழலின் பக்கவாட்டில் பொறித்திருப்பதோடு அது எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 7எம்எம்-08 தோட்டா 308 ரைஃபிளுக்குள் சுலபமாக நுழைந்துவிடும், சுட்டால் குண்டு குழலுக்குள் தளர்வாகப் போய் எங்கே விழும் என்று சொல்ல முடியாது. உறை கிழியும் அபாயமும் உண்டு. அகலமான 308-ஐ 7எம்எம்-08-க்குள் பலவந்தமாகத் திணிப்பது அதைவிட மோசம்.

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளே, அதாவது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுவதையே வாங்குங்கள், பென்சில்வேனியாவில் மானுக்கு, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள் கூடாது. தலை, மார்பு, முதுகு சேர்த்து 250 சதுர அங்குலம் பளிச்சென்ற ஆரஞ்சு போட வேண்டும். காரில் ஏறும்போது தோட்டாவை வெளியே எடுத்துவிட வேண்டும்.

இனி, கீழே கமென்ட்டில் வந்த கேள்விகளுக்கு.

30-06 என்ற தோட்டா ஏன் இல்லை என்று கேட்டவருக்கு: 1906-ஆம் வருஷச் சரக்கு, இன்றும் நல்ல சரக்கு. உறை 63 மில்லிமீட்டர், 308-க்கு 51. வேகம் நூறு அடி போல அதிகம், உதையும் அதிகம். வெள்ளை வால் மானுக்கு அது தேவையில்லை, கரடி, எல்க் என்று ஆசை இருந்தால் பாருங்கள். 6.5 கிரீட்மோரும் நல்ல தேர்வுதான். 2007-இல் வந்தது, உதை குறைவு, இப்போது எல்லாக் கடையிலும் இருக்கிறது. உங்கள் ஊர்க் கடையில் நல்ல விலைக்கு அமைந்தால் தாராளமாக எடுங்கள்.

கொலம்பஸுக்கு மாற்றலாகிப் போகிறவருக்கு: அவசரப்பட்டு எதையும் வாங்காதீர்கள். ஒஹாயோவில் மானுக்கு ரைஃபிள் என்றால் கழுத்து குறுகாத, நேர் உறைத் தோட்டா மட்டும்தான். மேலே பேசிய எதுவும் அங்கே செல்லாது.

"பாவம் இல்லையா" என்று கேட்ட மாமிக்கு: உங்களோடு வாதாட மாட்டேன். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கடைசியில் பென்சில்வேனியாவில் மானே அருகிப் போய், 1895-இல் அதற்கென்று ஒரு கமிஷன் போட்டுத்தான் மீட்டார்கள். அங்கே தோட்டா மீது 11 சதவீத வரி உண்டு, 1937-இல் வந்த சட்டப்படி அது வனவிலங்குக்கே போகிறது. இன்னொன்று, ரைஃபிள் சீசன் தேங்க்ஸ்கிவிங்குக்கு அடுத்த சனிக்கிழமை ஆரம்பிக்கிறது. நமக்கு அது கார்த்திகை. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் நண்பரிடம் அடுத்த வருஷம் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கறி எப்படி என்பவருக்கு: கொழுப்பே இல்லாத சிவப்புக் கறி. இருக்கும் கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பையும் வழித்து எறியுங்கள், அது வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். தொடையை ஆட்டுக்கறி மாதிரி நினைத்து வறுத்தால் ரப்பர். மிளகு தூக்கலாகப் போட்டுக் குக்கரில் விடுங்கள். சமைப்பதற்கு முன் ஒன்று: சிடபிள்யூடி என்ற மான் நோய் 2012 முதல் அந்த மாநிலத்தில் இருக்கிறது. நோய்ப் பகுதி என்று அறிவித்த இடத்தில் சுட்டதானால் தலையைச் சோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்த பிறகு சாப்பிடுங்கள். தலை, முதுகெலும்பை அந்தப் பகுதிக்கு வெளியே எடுத்துப்போகவும் தடை உண்டு.

கடைசியாக, கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும்: வேட்டைக்குக் கொண்டுபோன பையைத் தில்லிக்குக் கொண்டுவராதீர்கள். ஜாக்கெட்டையும்தான். ஓரப் பாக்கெட்டில் ஒரே ஒரு தோட்டா தங்கிவிட்டால், இந்திரா காந்தி விமான நிலைய ஸ்கேனரில் சிக்கி 1959 ஆயுதச் சட்டத்தில் வழக்காகிவிடும். தெரியாமல் வந்தது என்று நிரூபித்தால் தில்லி உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்வதுண்டு, ஆனால் அதற்குள் ரிட்டர்ன் டிக்கெட், லீவு, வக்கீல் பீஸ் எல்லாம் போயிருக்கும். காலி உறை, கொம்பு, தோல் எதுவும் வேண்டாம். அப்பாவுக்குக் காட்ட போட்டோ போதும்.