100 டன் மெக்கில் எண்டோ ஸ்டீல்: லாபமா, வெட்டிச் சுமையா?

கனரகன்:
"எண்டோ ஸ்டீல் இல்லாம மெக் கட்டாதே" என்று பேட்டில்டெக் விளையாட்டுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு எல்லோரும் ஓதுகிறார்கள். மெக் என்பது ஆள் ஏறி ஓட்டும் ராட்சதப் போர் ரோபோ; எண்டோ ஸ்டீல் அதற்குப் பாதி எடையில், ஆனால் இடத்தை அடைக்கும் எலும்புக்கூடு. 20, 30 டன் மெக்குக்குச் சரி. 100 டன்னுக்குக் கணக்குப் போட்டுவிட்டுச் சொல்லுங்கள். என் கணக்கு பேட்டில்டெக் பலகை விதிகளில், இன்னர் ஸ்பியர் தரப்பின் பாகங்களில்.

300 இன்ஜின் 19 டன், கைரோ (சமநிலைக் கருவி) 3, காக்பிட் 3, சாதாரண எலும்புக்கூடு 10, முழுக் கவசம் 19.5. மிச்சம் 45.5 டன். மொத்த ஸ்லாட் (சாமான் வைக்கும் இடம்) 78. இன்ஜின், கைரோ, காக்பிட் சாமான், கை கால் மூட்டுகள் போக 47. எண்டோ போட்டால் எலும்புக்கூடு 5 டன்னாகக் குறையும், 14 ஸ்லாட் போகும். கையில் 50.5 டன், 33 ஸ்லாட்.

இப்போது அட்லஸ் (பிரபல 100 டன் மெக்) பாணி ஆயுதங்கள்: ஏசி/20 பீரங்கி (14 டன், 10 ஸ்லாட்), அதன் குண்டு 3 டன், எல்ஆர்எம் 20 ஏவுகணை ஏவி (10 டன், 5 ஸ்லாட்), அதற்கு ஏவுகணை 2 டன், மீடியம் லேசர் நாலு. 33 டன், 24 ஸ்லாட். எல்லாவற்றையும் சுட்டு ஓடினால் வெப்பம் 27, ஆகவே தலா 2 வெப்பம் தணிக்கும் டபுள் ஹீட் சிங்க் 14. பத்து இன்ஜினோடு இலவசம், இரண்டு இன்ஜினுக்குள்ளேயே அடங்கும், இரண்டு வெளியே, தலா 3 ஸ்லாட்.

சாதாரண எலும்பில் மிச்சம் 8.5 டன், 17 ஸ்லாட். எண்டோவில் 13.5 டன், 3 ஸ்லாட். இரண்டிலும் ஏறுவது ஒரே ஒரு பிபிசி (துகள் கற்றைப் பீரங்கி, 7 டன், 3 ஸ்லாட்). அதற்குப் பிறகும் சாதாரண எலும்பில் இன்னொரு ஹீட் சிங்க் போடலாம். எண்டோவில் 6.5 டன் சும்மா தொங்கும். இதற்குத்தானா 14 ஸ்லாட்?

எண்டோபக்தன்:
தல, 47 ஸ்லாட்டும் ஒரே தரம் மாதிரி எண்ணிட்டீங்க. கால் ரெண்டுலயும் தலா 2, நடு உடம்புல 2, தலையில 1. இந்த ஏழும் தரிசு. இன்னர் ஸ்பியர் டபுள் ஹீட் சிங்க் ஒரே இடத்துல மூணு ஸ்லாட் கேட்கும், அங்க ஏறவே ஏறாது. பிபிசியும் அப்படித்தான். எண்டோவோட பாதி இங்கயே அடங்கிடும். நிஜ விலை 7 ஸ்லாட்தான்.

அந்த 6.5 டன்னுக்கும் வேலை இருக்கு. நாலு மீடியம் லேசரைக் கழட்டிட்டு ரெண்டு லார்ஜ் லேசர் மாட்டுங்க. ஸ்லாட் அதே நாலு, எடை 6 டன் கூடும். எட்டும் தூரம் 9 கட்டத்துலேர்ந்து 15.

கனரகன்:
தரிசு இல்லை, மானாவாரி. குண்டும் மீடியம் லேசரும் ஒற்றை ஸ்லாட் சாமான், அங்கேதான் போகும்.

லார்ஜ் லேசர் மாற்றத்தில் சேதம் 20-லிருந்து 16 ஆகிறது, வெப்பம் 12-லிருந்து 16 ஆகிறது. பிபிசியையும் சேர்த்துச் சுட்டால் 41. 14 சிங்க் தணிப்பது 28. மிச்சம் 13 வெப்பம். அந்த அளவில் குறி வைப்பது +2 கடினம், நடை 2 குறைவு. ஏற்கெனவே நடை 3 உள்ள மெக், அடுத்த சுற்றில் 1. சிங்க் கூட்டலாம் என்றால் இடம் எங்கே?

புதுமெக்கானிக்:
நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். எக்ஸ்எல் இன்ஜின் (எடை கம்மி, இடம் அதிகம்) போட்டா 9.5 டன் மிச்சமாகுதே, எண்டோவே தேவையில்லையே?

கனரகன்:
பக்க உடம்பு ஒவ்வொன்றிலும் 3 ஸ்லாட் எடுக்கும், மிஞ்சுவது 9. ஏசி/20-க்கு 10 வேண்டும். பலகை விதியில் கைப்பக்கம் பிரித்து வைக்கலாம்; மெக்வாரியர் ஆன்லைன் கணினி விளையாட்டில் அதுவும் முடியாது, லைட் இன்ஜினுக்கு (பக்கத்துக்கு 2) இறங்கினால்தான் பொருந்தும். அதைவிட, ஒரு பக்க உடம்பு போனால் இன்ஜினில் மூன்று அடி, மெக் அங்கேயே நிற்கும். குண்டு வெடித்தால் காக்கும் கேஸ் பெட்டி இருந்தும் புண்ணியமில்லை.

எண்டோபக்தன்:
எக்ஸ்எல் விஷயத்துல உங்க கட்சிதான். ஆனா ஏசி/20-ஐ வச்சு எண்டோவைத் திட்டாதீங்க, அது இடத்தை அடைக்கிற ஆயுதம்: ஸ்லாட்டுக்கு 1.4 டன். காஸ் துப்பாக்கி 15 டன், 7 ஸ்லாட். பிபிசி 7 டன், 3 ஸ்லாட். ரெண்டுமே ஸ்லாட்டுக்கு 2 டன்னுக்கு மேல.

இதைக் கட்டிப் பாருங்க: காஸ் 2, குண்டு 4 டன், பிபிசி 2, இன்ஜினுக்குள்ள கூடுதலா 2 சிங்க். 50 டன், 24 ஸ்லாட். வெப்பம் காஸ் 2, பிபிசி 20, ஓட்டம் 2. 12 சிங்க் தணிக்கிறது 24. துல்லியமா நிக்கும். எண்டோவுல 9 ஸ்லாட் காலி, அரை டன் மிச்சம். உங்க சாதாரண எலும்புல 45.5 டன்தான், ரெண்டாவது பிபிசிக்கு வழியே இல்ல.

கனரகன்:
இந்த மெக்குக்கு எண்டோ சரி, ஒத்துக்கொள்கிறேன். எடை குறைந்த ஃபெரோ கவசத்தையும் சேர்க்கச் சொல்லாதவரை. அதுவும் 14 ஸ்லாட், 100 டன்னில் மிச்சமாவது வெறும் 2 டன்.

அந்த அரை டன்னில் கேஸ் பெட்டி ஒரு பக்கத்துக்குத்தான் வரும். மற்றப் பக்கக் குண்டு?

புதுமெக்கானிக்:
இன்னர் ஸ்பியருக்குப் பதிலா கிளான் தரப்போட பாகம்னா இந்தச் சண்டையே வராதோ?

எண்டோபக்தன்:
வராது. அங்க எண்டோ 7 ஸ்லாட், ஃபெரோ 7, ஹீட் சிங்க் 2, அது கால்லயே உட்காரும்.

கனரகன் அண்ணே, காஸ் குண்டு வெறும் உலோக உருண்டை, வெடிக்காது. வெடிக்கிறது துப்பாக்கிதான், 20 சேதம். அதனால ரெண்டையும் கையில வைக்கிறேன்: 12 ஸ்லாட்டுல மூட்டு 4, காஸ் 7, ஒண்ணு மிச்சம். 100 டன் மெக்கோட கை எலும்பு 17 தாங்கும். வெடிச்சா கை போகும், பக்க உடம்புக்குள்ள 3 இறங்கும், அங்க எலும்பு 21. கேஸ் இல்லாமலே தாங்கும்.

கனரகன்:
கவசம் உடைந்த பக்கத்தில், ஏற்கெனவே 18 அடி வாங்கியிருந்தால்?

எண்டோபக்தன்:
அந்த நிலைமையில உங்க ஏசி/20 குண்டு மட்டும் என்ன பண்ணிட்டு இருக்கும்? ஒரு டன்னுக்கு 5 குண்டு, தலா 20. நூறு.